வன்னியிலிருந்து வெளிநாட்டு போஸ்ட்டொக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விசுவமடுவைச் சேர்ந்தவள். பேராதனையில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் முடித்து, ஜேர்மனியில் இரண்டு வருடம் போஸ்ட்டொக்காக வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் படித்த தம்பி தங்கைகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், சில நேரம் அவர்களின் அம்மாமார்கூட என்னிடம் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். தனித்தனியே பதில் சொல்லும்போது ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கு விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

போஸ்ட்டொக் எண்டா என்ன அக்கா? இன்னொரு படிப்போ?

படிப்பு இல்லை, வேலை. கலாநிதிப் பட்டம் முடித்த ஒருவர் ஒரு ஆய்வுக் குழுவில் சேர்ந்து, ஒன்றிலிருந்து மூன்று வருடம் போல சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்வதுதான் போஸ்ட்டொக். முடிவில் புதிதாகப் பட்டம் எதுவும் தரமாட்டார்கள். நீங்கள் எழுதும் கட்டுரைகளும், கற்றுக்கொள்ளும் முறைகளும், உங்களைத் தெரிந்துகொள்ளும் ஆட்களுமே மிச்சம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இதை ஏ.எல். மாதிரி நினைக்கிறார்கள். எங்கோ ஒருவர் இசட் ஸ்கோர் பார்த்து இடம் ஒதுக்குவார், நாங்கள் படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு பேராசிரியருக்கு முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது, அதைச் செய்யத் தெரிந்த ஆளை அவர் தேடுகிறார். நீங்கள் அந்த ஆளாக எழுத வேண்டும். உதவி கேட்கும் மாணவராக எழுதினால் எடுபடாது.

அப்ப ஸ்கொலர்ஷிப் எண்டு சொல்லுறாங்களே, அது என்ன?

இரண்டு வழி உண்டு. ஒன்று, பேராசிரியரிடம் ஏற்கெனவே பணம் இருக்கும். அவர் விளம்பரம் போடுவார், நீங்கள் விண்ணப்பிப்பீர்கள். மற்றது பெல்லோஷிப். பணம் ஒரு நிதியத்திடம் இருக்கும். நீங்களும் உங்களை ஏற்கச் சம்மதித்த பேராசிரியரும் சேர்ந்து ஆய்வுத் திட்டம் எழுதிக் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பொருந்தும் பெல்லோஷிப்கள் சிலவற்றைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்கொடொவ்ஸ்கா கியூரி பெல்லோஷிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வழக்கமாக செப்டெம்பரில் முடிவு திகதி வரும். கலாநிதிப் பட்டம் பெற்று 8 வருட ஆய்வு அனுபவத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. போக இருக்கும் நாட்டில் அதற்கு முந்திய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது. ஜேர்மனியின் ஹம்போல்ட் பெல்லோஷிப்பில் பட்டம் பெற்று 4 வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிரிவு, அதற்கு மேல் 12 வருடம் வரை அனுபவசாலிகளுக்கு இன்னொரு பிரிவு. யப்பானில் ஜே.எஸ்.பி.எஸ். என்ற அறிவியல் வளர்ச்சி அமைப்பு தருகிறது. பட்டம் பெற்று 6 வருடத்துக்குள் இருக்க வேண்டும். அங்கே விண்ணப்பத்தை அனுப்புவது நீங்கள் இல்லை, யப்பானியப் பேராசிரியர். கணிதம், பௌதிகவியல்காரர் இத்தாலியின் திரியெஸ்தேயில் இருக்கும் ஐ.சி.ரி.பி. நிலையத்தையும் பார்க்க வேண்டும். 1964இல் பாகிஸ்தானின் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் தொடங்கிய அந்த இடம் எங்களைப் போன்ற நாட்டு விஞ்ஞானிகளை மனதில் வைத்தே உருவானது.

ஒரு எச்சரிக்கை. கியூரி பெல்லோஷிப்புக்கு 2024இல் 10,000க்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. 2025இல் அது 17,000ஐத் தாண்டியது. அதை மட்டும் நம்பி ஒரு வருடத்தை விடாதீர்கள். விளம்பரத்தில் வரும் வேலைகளுக்கும் கூடவே விண்ணப்பித்துக்கொண்டிருங்கள்.

விளம்பரம் எங்க பாக்கிறது? கூகிளில தேடினா குப்பையாத்தான் வருது.

ஐரோப்பாவுக்கு யூராக்செஸ், பிரித்தானியாவுக்கு ஜொப்ஸ் ஏசி யூகே, நெதர்லாந்துக்கு அக்கடெமிக் ட்ரான்ஸ்பர், நோர்வேக்கு ஜொப்நோர்கே. எல்லாத் துறைக்கும் பொதுவாக நேச்சர் கரியர்ஸ். வானியல் என்றால் அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பதிவேடு. கூர்ப்பு உயிரியல், சூழலியல் என்றால் எவொல்டிர். துகள் பௌதிகவியல் என்றால் இன்ஸ்பயர்.

ஆனால் நல்ல இடங்கள் பல விளம்பரமாகவே வராது. உங்கள் ஆய்வில் அடிக்கடி மேற்கோள் காட்டும் பத்துக் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஆசிரியர் பட்டியலிலும் கடைசியாக வரும் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் அவர்தான் குழுவின் தலைவர். அந்தப் பத்துப் பேரின் ஆய்வுகூடப் பக்கங்களை வாசியுங்கள். நான் ஜேர்மனிக்குப் போனது அப்படித்தான்.

இலங்கையில செய்த பி.எச்.டி.யை அங்க மதிப்பாங்களோ?

மதிப்பார்கள். யாழ்ப்பாணமா, பேராதனையா, வவுனியாவா என்று எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்டதில்லை. என்ன கட்டுரை எழுதினாய், அதில் உன் கையால் செய்தது என்ன என்றுதான் கேட்டார்கள். ஜேர்மனியில் வேலை ஒப்பந்தத்துக்கு முன் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று அனபின் என்ற தரவுத்தளத்தில் பார்ப்பார்கள். நீங்களும் முன்கூட்டியே பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

காசு கட்டினால் ஒரு கிழமையில் கட்டுரை போடும் சஞ்சிகைகளில் மட்டும் தயவுசெய்து வெளியிடாதீர்கள். அப்படி ஐந்து கட்டுரை இருப்பதைவிட, துறையில் மதிக்கும் சஞ்சிகையில் ஒன்று இருப்பது மேல். தெரிவுக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தச் சஞ்சிகைகளின் பெயர்கள் மனப்பாடம்.

எனக்கு முப்பத்தெட்டு வயசு. இனிச் சரிவராதோ?

வயது கணக்கில் இல்லை, கலாநிதிப் பட்டம் பெற்ற திகதிதான் கணக்கு. மேலே பெல்லோஷிப் பற்றிச் சொன்ன வருட எல்லைகள் எல்லாம் அந்தத் திகதியிலிருந்து எண்ணப்படுகின்றன. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிந்தி ஏ.எல். எழுதி, பிந்திப் பட்டம் எடுத்தவர்களுக்கு இது நல்ல செய்தி. பிள்ளை பெற்று வளர்த்த விடுப்பு, நீண்ட நோய் போன்றவற்றைப் பல நிதியங்கள் அந்தக் கணக்கிலிருந்து கழித்தும் விடுகின்றன. அதற்குக் கடிதம் வேண்டும், எடுத்து வையுங்கள்.

பேராசிரியர்மாருக்கு நாப்பது ஈமெயில் போட்டன். ஒருத்தரும் பதில் போடேல்லை. என்ன பிழை?

ஒரு தம்பி தன் ஈமெயிலைக் காட்டினார். ‘மாண்புமிகு ஐயா’ என்று தொடங்கி, தன் சிறுவயதுக் கனவைச் சொல்லி, ‘உங்கள் மேலான வழிகாட்டலில் எந்தத் தலைப்பிலும் வேலை செய்யத் தயார்’ என்று முடித்திருந்தார். அதே கடிதம் நாற்பது பேருக்கும் போயிருந்தது. அவர் கெட்டிக்காரர், நல்ல கட்டுரை வைத்திருப்பவர். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் யார் என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பெரியவர்களுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று பழக்கியது நாங்கள்தான். பிள்ளைகளில் குற்றமில்லை. ஆனால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஈமெயில் இருநூறு சொல்லுக்குள் இருக்கட்டும். விடயத் தலைப்பில் உங்கள் துறையும் போஸ்ட்டொக் என்ற சொல்லும் வேண்டும். முதல் இரண்டு வசனத்தில் நீங்கள் யார், எங்கே, எப்போது முடித்தீர்கள். அடுத்து அவருடைய ஒரு குறிப்பிட்ட கட்டுரையை எடுத்து, அதில் விடுபட்ட எந்தக் கேள்வியில் உங்கள் கை உதவும் என்று சொல்லுங்கள். உண்மையில் வாசித்தால்தான் இதை எழுத முடியும், அதனால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எழுதுவது கஷ்டம். அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு பணம்: ‘இந்த வருடம் இந்த பெல்லோஷிப்புக்கு உங்களுடன் சேர்ந்து விண்ணப்பிக்க விரும்புகிறேன், உங்களிடம் வேறு நிதி இருந்தாலும் அறிய விருப்பம்’ என்று நேராகக் கேளுங்கள். சுயவிவரத்தை இணையுங்கள், சான்றிதழ்களை இணைக்காதீர்கள். பேராசிரியர் என்று பட்டத்தையும் குடும்பப் பெயரையும் சொல்லி விளிப்பது போதும்.

பதில் இல்லையென்றால் இரண்டு கிழமை கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதோடு அடுத்தவரிடம் போங்கள். காலமும் முக்கியம். செப்டெம்பர் முடிவுத் திகதிக்கு ஓகஸ்டில் எழுதினால் எவரும் ஏற்கமாட்டார். பெப்ரவரி, மார்ச்சில் எழுத வேண்டும்.

என்ர ஆராய்ச்சி எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணி. அதை வெளிநாட்டுக்காரர் ஏன் கேக்கப் போகினம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். எங்கள் இடத்தைச் சின்னதாக நினைக்க யார் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்?

யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல், வன்னியின் பெரும்பகுதி கடும்பாறை. சில மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு வகை நிலத்தடி நீர். வவுனியாப் பக்கக் கிணறுகளில் புளோரைட்டு, காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளமும் அதன் கீழ் வயல்களும். நந்திக்கடல், கொக்கிளாய்க் களப்புகள். கண்ணிவெடி அகற்றி மீண்டும் பயிரிடும் நிலம். சுவிற்சர்லாந்தின் ஈவாக் நிறுவனம் உலகம் முழுக்க நிலத்தடி நீரில் ஆர்சனிக்கும் புளோரைட்டும் எங்கே இருக்கும் என்று வரைபடமே போடுகிறது. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூழல் ஆய்வு நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு வரைபடத்தின் புள்ளியை மண்ணில் நின்று அறிந்த ஆள் தேவை.

ஊரின் பெயரை ஆய்வின் தலைப்பாக வைக்காமல் சாட்சியாக வையுங்கள். ‘கிளிநொச்சிக் கிணறுகளின் தரம்’ என்று எழுதினால் வேறு நாட்டவருக்கு அது ஒரு ஊர்க் கதை. ‘வரண்ட வலயக் கடும்பாறையில் புளோரைட்டு எப்படிக் கரைந்து வெளிவருகிறது’ என்று எழுதி, கிளிநொச்சித் தரவை உள்ளே கொண்டுவந்தால் அது இராஜஸ்தானுக்கும் எத்தியோப்பியாவுக்கும் சேர்த்துச் சொல்லும் கேள்வி. தரவு அதே தரவுதான்.

சேர் பரிந்துரைக் கடிதத்தை ‘நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்’ எண்டிட்டார். எழுதலாமோ?

எனக்கும் நடந்தது. எழுதாதீர்கள். எல்லாக் கடிதமும் ஒரே ஆளின் மொழியில் இருந்தால் வாசிப்பவருக்குப் பட்டென்று தெரியும். இப்போது பல இடங்களில் கடிதத்தைப் பரிந்துரைப்பவரே நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டும், அவருடைய நிறுவன ஈமெயிலிலிருந்து.

அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எந்த வேலைக்கு, எந்தத் திகதிக்குள், அவரோடு எந்த வருடம் என்ன செய்தீர்கள், எந்தச் சிக்கலை நீங்களே தீர்த்தீர்கள். பெரும்பாலான சேர்மார் மறுப்பது சோம்பலால் இல்லை, நினைவில்லாததால். ஒரு மாதம் முன்னமே கொடுங்கள்.

பாஸ்போட்டில ஒரு பேர், கட்டுரையில ஒரு பேர், பட்டத்தில இன்னொரு பேர். பிரச்சினை வருமோ?

வரும். எங்கள் பெயரில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெளிநாட்டுப் படிவத்தில் எது குடும்பப் பெயர் என்ற குழப்பத்தில் அப்பாவின் பெயரால் உங்களைக் கூப்பிடுவார்கள். அதோடு ‘ழ’வுக்கு ஓரிடத்தில் ஒரு ஆங்கில எழுத்து, இன்னோரிடத்தில் இரண்டு, ‘த’வுக்கு ஓரிடத்தில் எச் உண்டு, இன்னோரிடத்தில் இல்லை. மூன்று பத்திரத்தில் மூன்று ஆளாகிவிடுவோம்.

பாஸ்போட்டில் உள்ள எழுத்துகளையே மூலமாக வையுங்கள். முதல் கட்டுரை அனுப்பும்போதே அந்த எழுத்தில் பெயரைத் தீர்மானித்து, பிறகு மாற்றாதீர்கள். ஓர்கிட் என்ற ஆய்வாளர் இலக்கத்தை இலவசமாக எடுத்து, பழைய கட்டுரைகளை அதற்குள் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், எல்லாப் பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேட்டிபிக்கேற் எல்லாம் முள்ளிவாய்க்காலோட போச்சு. என்ன செய்யிறது?

எங்கள் வீட்டிலும் ஒரு பை அப்படியே போனது. ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ் பிரதியைப் பிரதேச செயலகத்தில், பட்டச் சான்றிதழையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் பல்கலைக்கழகப் பதிவாளரிடம். வெளிநாட்டுக்கு உறுதிப்படுத்த வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போக வேண்டும். அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பாஸ்போட்டுக்கு வவுனியாவிலேயே கிளை உண்டு.

வேலை கிடைத்த பிறகு தொடங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒப்பந்தம் வந்த பிறகு ஒரே ஒரு பத்திரத்துக்காக நான்கு மாதம் ஓடியது, அந்த இடம் கைவிட்டுப் போனது.

2008, 2009 எண்டு சுயவிவரத்தில ரெண்டு வருஷம் வெறுமையாக் கிடக்கு. என்ன எழுதுறது?

உண்மையை ஒரே வரியில் எழுதுங்கள்: போரினால் இடம்பெயர்வு, கல்வி தடைப்பட்டது. நான் அப்படித்தான் எழுதினேன். செட்டிகுளம் முகாமில் இருந்ததை விரித்து எழுதவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. நேர்காணலில் ஒருவர் கேட்டார். நடந்ததை அமைதியாகச் சொன்னேன். அடுத்த கேள்வி இரசாயனப் பகுப்பாய்வு முறை ஒன்று பற்றி வந்தது. எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. இரக்கத்துக்காகச் சொல்லத் தேவையில்லை, வெட்கப்படவும் ஏதுமில்லை.

ஐஈஎல்ரிஎஸ் வேணுமோ?

வேலைக்குப் பெரும்பாலும் வேண்டாம், நேர்காணலே சோதனை. சில நாட்டு விசாவுக்கு ஆங்கிலச் சான்று கேட்பார்கள். உங்கள் பட்டம் ஆங்கில மொழிமூலம் என்று பதிவாளரிடம் கடிதம் எடுத்து வையுங்கள்.

சூம் நேர்காணலில என்ன கேப்பினம்? கரண்ட் போனா?

முதலில் இருபது நிமிடம் உங்கள் ஆய்வைச் சொல்லச் சொல்வார்கள். அதன்பின் ‘இது சரிவராமல் போனால் என்ன செய்வாய்?’ என்ற வகைக் கேள்விகள். தோல்வியடைந்த ஒரு பரிசோதனையையும் அதிலிருந்து எப்படி மீண்டீர்கள் என்பதையும் தயாராக வையுங்கள். கடைசியில் நீங்களும் கேட்க வேண்டும்: நிதி எத்தனை மாதத்துக்கு உறுதி, முன்பு இருந்த போஸ்ட்டொக்மார் இப்போது எங்கே? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும் இடத்துக்குப் போகாதீர்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். ஜேர்மனி கோடையில் எங்களுக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை. கரண்டை நம்பாமல் போனில் டேட்டா போட்டு, முழுவதும் சார்ஜ் செய்து, சிலைட்டுகளை முதல் நாளே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு? போக முதல் கையில எவ்வளவு வேணும்?

யப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். மாதம் 3,62,000 யென் தருகிறது. விமானச் சீட்டும் தனியே. அமெரிக்காவில் என்.ஐ.எச். என்ற தேசிய சுகாதார நிறுவனங்களின் பயிற்சி நிதியத்தின் தொடக்க அளவு 2024இல் வருடத்துக்கு 61,008 டொலர். பல பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்தே சம்பளம் வைக்கின்றன. ஜேர்மனியில் அரச சம்பள அட்டவணையில் ஈ13 என்ற படி. எந்த நாட்டிலும் வரி, காப்புறுதி போன பிறகு கைக்கு வருவதைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

முதல் சம்பளம் மாத முடிவில்தான் வரும். ஜேர்மனியில் வீட்டுக்காரர் மூன்று மாத வாடகை வரை முற்பணம் கேட்கலாம். பிரித்தானியா என்றால் சுகாதாரக் கட்டணமே வருடத்துக்கு 1,035 பவுண், விசாவுக்கு முன்னரே முழுக் காலத்துக்கும் கட்ட வேண்டும். இதைத் தருவீர்களா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்பதில் தவறில்லை. பலர் தருகிறார்கள். கேட்காதவருக்குத் தருவதில்லை. நகை அடகு வைத்துப் போவதற்கு முன் அந்த ஒரு ஈமெயிலை எழுதுங்கள்.

ஏஜென்சி ஒண்டு ஆறு லட்சம் தந்தா போஸ்ட்டொக் எடுத்துத் தாறம் எண்டுது.

கொடுக்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகமும் போஸ்ட்டொக் வேலைக்கு ஆளிடம் காசு வாங்குவதில்லை. ‘அழைப்புக் கடிதம்’ வந்தால், கடிதத்தில் உள்ள இலக்கத்தை விட்டு, பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள பேராசிரியரின் முகவரிக்கு எழுதி உறுதிப்படுத்துங்கள்.

விசாவில மாட்டுப்படுற இடம் எது?

பிரித்தானியாவில் இரண்டு. பொறியியல், இரசாயனவியல், பௌதிகவியல் போன்ற பல துறைகளுக்கு விசாவுக்கு முன் ஏற்றாஸ் என்ற அனுமதி வேண்டும். இலவசம், ஆனால் வாரக்கணக்கில் எடுக்கும். மற்றது கொழும்பில் காசநோய்ச் சோதனை.

அமெரிக்காவில் ஜே-1 விசா. ஆய்வாளராக ஐந்து வருடம் வரை இருக்கலாம். சிலருக்கு முடிவில் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விழும். புல்பிரைட் போன்ற அரச நிதியில் போனால் அது நிச்சயம். விசாவிலும் அழைக்கும் நிறுவனம் தரும் டீஎஸ்-2019 படிவத்திலும் எழுதியிருக்கும், கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். கணவனோ மனைவியோ ஜே-2 விசாவில் வந்தால் அனுமதி எடுத்து வேலை செய்யலாம். ஜேர்மனியிலும் ஆய்வாளரின் துணைவர் வேலை செய்யலாம்.

நான் கம்பஸில விரிவுரையாளர். லீவு தருவினமோ?

படிப்பு விடுப்பில் போய் வந்தவர் என்றால் உங்கள் பிணைப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். திருப்பிச் செய்ய வேண்டிய சேவைக் காலம் முடியாமல் போனால் காசு கட்ட வேண்டிவரும், பிணை நின்றவர்களும் மாட்டுவார்கள். பிணை நின்றவர் உங்கள் மாமாவாகவோ பழைய ஆசிரியராகவோ இருப்பார். விடுப்பு விதி பற்றிப் பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் எடுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

ஒரு இடத்துக்கு ஓம் எண்டிட்டன். இப்ப பெல்லோஷிப்பும் கிடைச்சிட்டுது. ரெண்டையும் என்னண்டு?

வாயால் சொன்ன ஓம் என்றாலும் அந்தப் பேராசிரியர் மற்ற விண்ணப்பதாரர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். அன்றைக்கே எழுதுங்கள். சில நேரம் பெல்லோஷிப்பை அதே ஆய்வுகூடத்துக்கு மாற்றவோ, தொடங்கும் திகதியைத் தள்ளவோ முடியும். இரண்டு பக்கத்திடமும் அதைக் கேளுங்கள். முடியாவிட்டால் ஒன்றைத் தெளிவாக மறுத்து, காரணத்தைச் சொல்லுங்கள். மறுக்கும் இடத்துக்குப் பொருத்தமான வேறொருவர் எங்கள் பக்கத்தில் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு அவருடைய பெயரையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். எனக்கு முதல் நேர்காணல் கிடைத்தது, எனக்கு முன் மறுத்த ஒரு அக்கா என் பெயரை எழுதியதால்.